கிளிக்கோ என்னும் கைம்பெண்

சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் உறவினர் ஒருவர் இல்லத்துத் திருமணத்துக்கு நான் போயிருந்தேன். மாலை விருந்தின்போது மேசையின் நடுவே ஷாம்பேன் போத்தல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மணமகனின் வெளிநாட்டு நண்பர்கள் கொண்டுவந்த பரிசு அது. அதன் மஞ்சள் லேபலிலே பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. வெவ் கிளிக்கோ என்று வாசித்தேன். பிரெஞ்சு அறிந்த முதியவர் ஒருவரிடம் முதற் சொல்லின் பொருளை வினவினேன். அவர் சற்றே தயங்கி, குரலைத் தாழ்த்தி, விதவை என்பது அதன் பொருள் என்றார்.

மணவீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத சொல் அது. அந்தச் சொல்லைத் தாங்கிய போத்தலோ மலர்களுக்கு நடுவே, மணமக்களுக்கு எதிரே நின்றது. அதே வேளையில் என் பெரியம்மா பின்னறையில் அமர்ந்திருந்தார். இருபத்தேழு வயதிலே கணவரை இழந்தவர். மங்கல காரியங்களில் முன்னே வரக்கூடாதென்பதை எவரும் சொல்லாமலே அறிந்தவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் போத்தலிலே பெயர் பெற்ற பெண்மணி யார் என்று தேடத் தொடங்கினேன். அவரும் இருபத்தேழு வயதிலேயே கைம்பெண்ணானவர் என்று கண்டபோது தேடலை நிறுத்த மனம் வரவில்லை.

மதுவருந்தும் பழக்கம் எனக்கில்லை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்து வளர்ந்தவன் நான். ஆகையால் மதுவின் சிறப்பைப் பாடுவதற்காக இதனை எழுதவில்லை என்பதை வாசகர்கள் முதலிலேயே அறிந்துகொள்ளுதல் நலம். ஆனாலும் ஒரு தொழிலின் நுட்பம் அறியாமல் அத்தொழிலுக்கு உரியவரின் வாழ்வை எழுத முடியாது.

பிரான்சு நாட்டின் வடகிழக்கே ஷாம்பேன் என்றொரு மாகாணம் உண்டு. ரேம்ஸ் அதன் பெருநகர். வடக்கே ஏறத்தாழ 49 பாகை அகலக்கோட்டிலே, சராசரி வெப்பநிலை 10, 11 பாகை செல்சியஸ் அளவே கொண்ட குளிர்நிலம் அது. முந்திரிகைக் கொடி அந்நிலத்திலே வருந்தித்தான் கனி தருகிறது. வேனில் குறுகியது, இளவேனிற் பனி தளிரைக் கருக்கும், இலையுதிர் காலத்து மழை குலையை அழுகச் செய்யும். தெற்கே வெயிலில் விளையும் முந்திரிகையின் இனிப்பு இங்கே வராது, புளிப்பே மிகும். வெண்மையான சோக்குக்கல் நிலம் மட்டும் நீரையும் பகலின் சூட்டையும் ஓரளவு சேமித்து வைத்துக் கொடிக்கு உதவுகிறது.

இக்குளிரே அந்த மதுவின் நுரைக்குக் காரணம். அறுவடைக்குப் பின் பழச்சாறு நொதிக்கத் தொடங்கும்; குளிர்காலம் வந்ததும் நொதித்தல் பாதியில் உறங்கிவிடும். இளவேனிலில் சூடு ஏற மீண்டும் விழிக்கும். அதற்குள் மதுவைப் போத்தலில் அடைத்துவிட்டால், எழும் வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே கரைந்து, திறக்கும்போது நுரையாய்ப் பொங்கும். நெடுங்காலம் இதனை ஒரு குறையாகவே அந்நாட்டார் எண்ணினர். போத்தல்கள் நிலவறையில் வெடித்துச் சிதறும். ஒன்று வெடித்தால் அருகிலுள்ளவையும் வெடிக்கும். வேலையாட்கள் இரும்புக் கம்பி முகமூடி அணிந்தே நிலவறைக்குள் இறங்குவர். அந்தக் குறையை வேண்டிப் பெறும் செல்வர் பதினெட்டாம் நூற்றாண்டிலே பெருகினார்கள். அதன்பின் அது வியாபாரமாயிற்று.

அந்த ரேம்ஸ் நகரிலே 1777 டிசெம்பர் 16ஆம் நாள் பார்ப் நிக்கோல் பொன்சார்தன் பிறந்தார். தந்தை நிக்கோலா பொன்சார்தன் துணி உற்பத்தியிலே பெரும் பொருள் ஈட்டியவர். காற்று எப்பக்கம் வீசுகிறதென்பதை நுகர்ந்தறியும் ஆற்றலும் அவருக்கிருந்தது. புரட்சி வந்தபோது புரட்சியாளரோடு நின்றார். நெப்போலியன் வந்தபோது அவன் கையாலே ரேம்ஸின் நகரபிதாவாகவும் பின்னர் பிரபுவாகவும் ஆனார். 1789இல் புரட்சி வெடித்த வேளையில், கன்னியர் மடத்துப் பள்ளியில் இருந்த பதினொரு வயதுச் சிறுமியை, ஆடை தைக்கும் பெண்ணொருத்தி ஏழைக் குடியானவச் சிறுமியின் உடை உடுத்தித் தெருவழியே அழைத்துச் சென்று காப்பாற்றினாள் என்பது அக்குடும்பத்தார் வழிவழி சொல்லிவந்த கதை. மெய்யோ புனைவோ, அக்காலத்து அச்சத்தை அது காட்டுகிறது.

1798ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இருபது வயதிலே, பிரான்சுவா கிளிக்கோ என்பவரை மணந்தார். அவரும் துணி வியாபாரி மகனே. மாமனார் பிலிப் கிளிக்கோ 1772இல் மது வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். அது துணிக்கடையின் ஓரத்திலே நடந்த சிறு தொழில். ரேம்ஸ் மலைச் சரிவிலே பூஸி, வெர்சனே முதலிய ஊர்களில் குடும்பத்துக்குச் சில முந்திரிகைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றின் விளைவு போதாமையால் பிறர் தோட்டத்து மதுவையும் வாங்கி விற்றனர்.

பிரான்சுவா துணியை விட்டு மதுவையே பெருந்தொழிலாக்க விரும்பினார். இளம் மனைவி அவரோடு தோட்டங்களைச் சுற்றினார். கொடியையும் மண்ணையும் கலவையையும் கற்றார். இவர்கள் வசமிருந்த பெருஞ்செல்வம் ஒன்று உண்டென்றால், அது லூயி போனே என்ற ஜேர்மானிய முகவர்தான். குள்ளமான, பருத்த, அயராத மனிதர். ஐரோப்பாவின் தெருவெல்லாம் அலைந்து கட்டளைகள் திரட்டினார். ஆனால் யுத்தம் எங்கும் சூழ்ந்திருந்தது. விற்பனை ஏறவும் இறங்கவுமாய் இருந்தது.

1805 ஒக்டோபரில் பிரான்சுவா காய்ச்சலில் விழுந்து சில நாட்களிலே இறந்தார். தற்கொலை என்றும் ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. அதற்குத் தக்க சான்று எதுவும் இல்லை. ஆறு வயதுப் பெண் குழந்தை கிளெமந்தீனோடு பார்ப் நிக்கோல் கைம்பெண்ணானார். மகனை இழந்த துயரில் பிலிப் கிளிக்கோ வியாபாரத்தையே மூடிவிடத் தீர்மானித்தார்.

இவ்விடத்திலே நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. 1804இல் நெப்போலியன் இயற்றிய சட்டத்தொகுப்பின்படி மணமான பெண் கணவனுக்கு அடங்கியவள். அவன் சம்மதமின்றி அவள் வியாபாரம் செய்யவோ சொத்தை விற்கவோ முடியாது. கைம்பெண்ணோ தன் பெயரால் ஒப்பமிடலாம், கடன் வாங்கலாம், கூட்டுச் சேரலாம். சட்டத்தின் கண்ணில் அவள் முழு ஆள். கணவனின் மரணம் அளித்த உரிமை அது. நம்மவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலும் மணமான பெண் தன் சீதனக் காணியைத்தானும் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி ஈடு வைக்கவோ விற்கவோ இயலாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் சட்டம் விடுவித்ததை வழக்கம் விடுவிக்கவில்லை. என் பெரியப்பா விட்டுச்சென்ற சுருட்டுக் கொட்டிலின் கணக்கை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரியம்மாவே எழுதினார். கதவுக்குப் பின்னால், இரவில். அந்தக் கொப்பிகள் இன்று என்னிடம் இருக்கின்றன. எழுத்தெல்லாம் அவருடையது, ஒப்பமெல்லாம் என் மாமாவுடையது.

பார்ப் நிக்கோல் கதவுக்குப் பின்னே நிற்கவில்லை. மாமனாரை நேரே அணுகி, தாமே தொழிலை நடத்த அனுமதியும் முதலும் கேட்டார். அவ்வகுப்புப் பெண்கள் வியாபாரத்தில் இறங்குவது அப்போது அருகி வந்த காலம். அந்த முதியவர் எதைக் கண்டு இணங்கினாரோ, இணங்கினார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். தொழிலறிந்த அலெக்சாந்தர் பூர்னோ என்பவரோடு கூட்டுச் சேர்ந்து நான்கு ஆண்டு பழக வேண்டும். 1806இலே கூட்டு வியாபாரம் தொடங்கியது, 1810இல் முடிந்தது. இலாபம் சொல்லத்தக்கதாயில்லை. பூர்னோ விலகிப் போனார். அம்மையார் விலகவில்லை. அவ்வாண்டே தம் பெயரோடு விதவை என்ற சொல்லையும் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து, வெவ் கிளிக்கோ பொன்சார்தன் என்று வியாபாரத்துக்குப் பெயரிட்டார். வியாபாரத்துக்குக் கைம்பெண் என்று பெயர் வைத்தவர் அந்நாட்டில் அவர் ஒருவரே அல்லர். அது அங்கே ஒரு வழக்கம். ஆனால் அப்பெயரை உலகறியச் செய்தவர் அவரே.

அடுத்த சில ஆண்டுகள் பெருந்துன்பமானவை. நெப்போலியனின் போர்களாலும் கடற்றடையாலும் துறைமுகங்கள் மூடப்பட்டன. அனுப்பிய மது வழியிலே தேங்கிக் கெட்டது. ருஷ்யாவின் சார் மன்னனோ, பிரெஞ்சு மது போத்தலில் வரக்கூடாதென்று தடை விதித்தான். அம்மையார் தம் நகைகளையும் விற்றுத் தொழிலைக் காத்தார் என்று கூறுவர். 1811இலே வானத்தில் பெரும் வால்வெள்ளி ஒன்று பல மாதங்கள் தோன்றியது. மக்கள் அழிவுக்குறி என்று அஞ்சினர். அவ்வாண்டு முந்திரிகை விளைச்சலோ அபூர்வமாய் அமைந்தது; அந்த மதுவை வால்வெள்ளி மது என்றே அழைத்தனர். அம்மையார் அதை நிலவறையில் இறக்கி, வாங்குவாரின்றி, காத்திருந்தார்.

1814இன் தொடக்கத்தில் ருஷ்யப் படையும் பிரஷ்யப் படையும் ரேம்ஸுக்குள் புகுந்தன. படையினர் வீடுதோறும் மது குடித்தனர். ஊரார் தங்கள் நிலவறைகளைச் சுவர் எழுப்பி மறைத்தனர். ஆயினும் ஷாம்பேனின் சுவையை அந்தப் படை வீரர் நாவில் கொண்டு தங்கள் நாட்டுக்குத் திரும்பினர். ஏப்பிரலில் நெப்போலியன் முடிதுறந்தான்.

இனி நடந்தது, வியாபாரிகள் இன்றும் வியந்து பேசும் செயல். சமாதானம் வந்தது, ருஷ்யாவின் தடை இன்னும் நீங்கவில்லை. நீங்கியபின் கப்பல் ஏற்றுவோம் என்று போட்டியாளர்கள் எண்ணியிருந்தனர். அவர்களில் முதன்மையானவர் எப்பர்னே நகரத்து ழான் ரெமி மொவெட். அம்மையார் அவர்கள் அறியாமலே ஓர் ஒல்லாந்துக் கப்பலை அமர்த்தினார். யூன் மாதத்தில் 10,550 போத்தல் வால்வெள்ளி மது ரூவான் துறையிலிருந்து புறப்பட்டது. காவலாகப் போனேயும் ஏறினார். தடை நீங்காவிட்டால் பிரஷ்யத் துறைமுகமான கோனிக்ஸ்பேர்க்கிலே எஞ்சியதை விற்றுவிடலாம் என்பது ஏற்பாடு. கோடைச் சூட்டிலே போத்தல்கள் வெடித்துவிடலாம், கலங்கிவிடலாம், கப்பல் பறிபோகலாம். அந்தச் சரக்கோடு குடும்பத்தின் எதிர்காலமும் மிதந்து சென்றது. யூலைத் தொடக்கத்தில் கோனிக்ஸ்பேர்க்கிலே பெட்டிகளைத் திறந்தபோது மது தெளிவாயிருந்தது. தடையும் நீங்கியது. வாங்குவோர் போனேயின் விடுதி வாயிலிலே முண்டியடித்தனர். அச்சரக்கு விற்றுத் தீருமுன்னரே இரண்டாவது கப்பல் சென் பீற்றர்ஸ்பேர்க்கை நோக்கிப் புறப்பட்டது.

சில ஆண்டுகளிலே ருஷ்யப் பெருங்குடியினர் ஷாம்பேனைக் கிளிக்கோவின் பெயராலேயே வழங்கலாயினர். மகாகவி புஷ்கினும் தம் யெவ்கேனி ஒனேகினிலே அப்பெயரைச் சேர்த்தார். அந்த ருஷ்யாவை அம்மையார் ஒருபோதும் கண்டதில்லை.

கட்டளைகள் குவிந்தன, மது போதவில்லை. இங்கேதான் அவருடைய இரண்டாவது பெருஞ்செயல் நிகழ்ந்தது. போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது, மதுவம் செத்து அடியிலே மண்டியாகப் படியும். அந்த மண்டியை நீக்காவிட்டால் மது கலங்கலாயிருக்கும். நீக்குவதற்காக ஒரு போத்தலிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினால் நுரை போய்விடும், மதுவும் வீணாகும். நாள்கணக்கான வேலை. 1816 அளவிலே, அம்மையாரின் அடுக்களை மேசை ஒன்று நிலவறைக்கு இறக்கப்பட்டதென்றும், அதிலே துளைகள் இட்டுப் போத்தல்களைக் கழுத்துக் கீழாகச் சாய்த்துச் செருகினர் என்றும் சொல்வர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு போத்தலையும் சிறிது ஆட்டி, சிறிது திருப்பி, சிறிது நிமிர்த்துவர். சில வாரங்களிலே மண்டி முழுதும் நழுவி இறங்கித் தக்கையின் மேல் திரளும். பின்னர் தக்கையைக் கழற்றும் கணத்திலே வாயுவின் வேகம் மண்டியை மட்டும் வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவுக்கு இனிப்புக் கலந்த மதுவை வார்த்து மீண்டும் அடைப்பர். மது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்.

இதனைக் கண்டவர் அம்மையாரா, நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரா என்பதில் எழுதுவோர் ஒருமித்தவர் அல்லர். இருவர் மூளையும் கலந்தது என்றே நான் கருதுகிறேன். இருட்டிலே நின்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான போத்தல்களைத் திருப்பிய கைகளுக்கோ பெயரே இல்லை. எனினும் அக்கைகள் வாய் திறவாமல் இருந்தமையால் இந்த இரகசியம் பல ஆண்டுகள் காக்கப்பட்டது. மொவெட் வீட்டார் காரணம் அறியாது திகைத்தனர். இன்றும் ஷாம்பேன் மாகாணத்திலே இயந்திரத்தாலும் சிற்சில இடங்களில் கையாலும் செய்யப்படுவது இதே முறைதான். 1818இலே பூஸித் தோட்டத்துச் செம்மதுவை வெண்மதுவோடு கலந்து இளஞ்சிவப்பு ஷாம்பேன் செய்ததும் அவர் ஆலையிலேதான் என்பர்.

இவ்வளவு துணிந்த அம்மையார் தம் மகளுக்கு என்ன வழி வகுத்தார் என்று தேடியபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கிளெமந்தீனைத் தொழிலின் பக்கமே அவர் அண்டவிடவில்லை. 1817இலே லூயி தெ ஷெவிஞ்ஞே என்ற பிரபுவுக்கு மணம் செய்து கொடுத்தார். பிரபுவுக்குக் குலப்பெருமை இருந்தது. கையில் பணம் இல்லை. கவிதை புனைவார், சூதாடுவார், மாமியாரின் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பார். அம்மையார் கடிந்துகொண்டும் கொடுத்துக்கொண்டும் இருந்தார். தாம் நடந்த பாதை முள் நிறைந்தது என்று மகளை அதிலிருந்து காத்தாரா? கைம்பெண்ணுக்குத் தகுவது மணமான பெண்ணுக்குத் தகாது என்று தாமும் நம்பினாரா? அவர் தனியே நின்ற பெண். பெண்களுக்காக நின்றவர் என்று அவரைப் புகழ்வோருடன் என்னால் உடன்பட முடியவில்லை.

தொழிலை ஏற்க அவர் தேடியது ஆண்மக்களையே. ஜேர்மானியரான கெஸ்லர் முதலில் பங்காளியானார். பின் பிரிந்துபோய் 1826இலே எஸ்லிங்கன் நகரில் தமக்கென ஒரு நுரைமது ஆலை தொடங்கினார். வங்கித் தொழிலிலும் துணி ஆலையிலும் அம்மையார் கை வைத்துச் சுட்டுக்கொண்டதும் அக்காலத்திலேதான். 1820களின் இறுதியில் பாரிஸ் வங்கி ஒன்று முறிந்தபோது அவருடைய வியாபாரமும் அதனோடு போயிருக்கும். எடுவார் வெர்லே என்ற இளம் ஊழியர் விரைந்து பணம் திரட்டி அதைக் காத்தார். 1831இல் வெர்லே பங்காளியானார். 1841இல் அம்மையார் ஓய்வு பெற்றபின் பொறுப்பு முழுதும் அவரிடமே சென்றது. ஓய்வு என்பது பெயரளவிலேதான்; கணக்கைப் பார்க்காமல் அவர் இருந்ததில்லை.

மறுமணம் செய்துகொள்ளவும் இல்லை. அறுபது ஆண்டு கைம்பெண்ணாகவே வாழ்ந்தார். ஆசையாலா, கணவனின் நினைவாலா, அன்றி மணந்தால் ஒப்பமிடும் உரிமை மீண்டும் ஒரு கணவனிடம் போய்விடும் என்பதாலா? மூன்றாவது காரணத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

பூர்சோ என்ற ஊரிலே மார்ன் ஆற்றை நோக்கிய குன்றின்மேல், 1840களிலே ஒரு மாளிகை எழுப்பினார். அங்கேதான் 1866 யூலை 29ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

2010ஆம் ஆண்டிலே, பின்லாந்தைச் சேர்ந்த ஓலண்ட் தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீற்றர் ஆழத்தில் மூழ்கிக்கிடந்த ஒரு பழங்கப்பலை முக்குளிப்போர் கண்டனர். அதிலே 168 போத்தல்கள் கிடந்தன. சிலவற்றின் தக்கைகளிலே வால்வெள்ளிக் குறி பொறித்திருந்தது. கிளிக்கோவின் மது என்பதை அதனால் அறிந்தனர். ஏறத்தாழ 170 ஆண்டு கடலடியில் கிடந்த அந்த மது இன்னும் அருந்தத்தக்கதாயிருந்தது. ஆராய்ந்தபோது லீற்றருக்குச் சுமார் 150 கிராம் சீனி இருந்ததாம். இன்றைய புரூட் வகையிலே 12 கிராமுக்கும் குறைவு. குளிர்நாட்டு முந்திரிகையின் புளிப்பை மறைக்க அக்காலத்தவர் எவ்வளவு இனிப்பு வார்த்தனர் என்பது இதிலே தெரிகிறது. கொழும்பு மணவீட்டிலே நான் கண்ட மஞ்சள் லேபலை அம்மையார் கண்டதில்லை. அது 1877இலே, அவர் மறைந்தபின் பதிவு செய்யப்பட்டது.

அவரது முதுமைத் தோற்றத்தைக் காட்டும் ஓவியம் ஒன்று உண்டு; லெயோன் கொனியே தீட்டியது. இளமையில் எப்படியிருந்தார் என்பதைக் காட்டும் படம் எதையும் நான் காணவில்லை. ஓவியத்திலே கனத்த உடலோடு, தலையில் வெண்தொப்பி அணிந்து, கண்டிப்பான முகத்தோடு அமர்ந்திருக்கிறார். அருகே ஒரு சிறுமி இருக்கிறாள். மகளின் மகளுக்கு மகள், பெயர் ஆன். அந்தச் சிறுமியிடம் மூதாட்டிக்குத் தனிப் பிரியம். அவளிடம் தம் துணிவைக் கண்டார் என்பர். ஆன் வளர்ந்து யுசேஸ் கோமகள் ஆனார். பூர்சோ மாளிகையும் அவர் கைக்கு வந்தது. 1878இலே, முப்பத்தோரு வயதில், அவரும் கணவரை இழந்தார். சிற்பம் வடித்தார், வேட்டையாடினார், அரசியலிலும் பெரும் பணத்தை இறைத்தார். 1898இல் மோட்டார் வண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்றார். பிரான்சிலே அதைப் பெற்ற முதற் பெண் அவரே. அவ்வாண்டே பாரிஸின் பூலோன் வனத்து வீதியிலே விதித்த வேகத்தை மீறி ஓட்டியதற்காகத் தண்டமும் கட்டினார்.